வெண்ணெய்ப் பசுவும் நீல நாடாவும்: அமெரிக்க மாநிலக் கண்காட்சி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் 'மாநிலக் கண்காட்சி' என்பது திருவிழாவா, சந்தையா, பொருட்காட்சியா?

பதில்: மூன்றின் சாயலும் அதில் உண்டு. ஆயினும் அதன் கருவாக அமைந்திருப்பது தேர்வுதான். ஒரு மாநிலத்தின் உழவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தாங்கள் வளர்த்த கால்நடையையும், விளைவித்த தானியத்தையும், காய்ச்சிய பழப்பாகையும், தைத்த துணி விரிப்பையும் பலர் முன்னிலையில் ஒரு நடுவரிடம் ஒப்படைத்து, அவர் தரும் தீர்ப்பைக் காரணத்தோடு கேட்டுத் தெளியும் இடம் அது. ராட்டினமும் தின்பண்டமும் இசை நிகழ்ச்சியும் அந்தத் தேர்வைச் சுற்றிப் பின்னாளில் வளர்ந்தவை. அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்: அங்கே மாட்டைப் பற்றிய முடிவு விலையாக வெளிப்படுகிறது, மாநிலக் கண்காட்சியில் அது ஒலிபெருக்கியில் விளக்கமாக வெளிப்படுகிறது.

கேள்வி: இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அரசரா, அமைச்சரா?

பதில்: இரண்டு செம்மறி ஆடுகள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகரில் குடியேறிய எல்கனா வாட்சன் என்ற வணிகர், நுண்ணிய கம்பளி தரும் ஸ்பானிய இனமான மெரினோ ஆடுகள் இரண்டை 1807-இல் நகரின் பொது வெளியில் கட்டி வைத்தார். அவற்றைக் காண மக்கள் கூடியதைக் கண்டு, இரண்டு ஆடுகளுக்கே இவ்வளவு கூட்டம் சேருமானால் ஊரார் அனைவரின் கால்நடைகளையும் ஓரிடத்தில் நிறுத்திப் பரிசும் அறிவித்தால் வேளாண்மையே மேம்படும் என்று அவர் கருதினார். அந்தக் கருத்திலிருந்து 1811-இல் பெர்க்‌ஷயர் வேளாண் சங்கம் உருவாயிற்று. சந்தைகள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தவை என்றாலும், அண்டை வீட்டாரின் நல்ல மாட்டைப் பார்த்து அதைவிட நல்ல மாட்டை வளர்க்கத் தூண்டும் போட்டியைக் கூட்டத்தின் நடுவே வைத்ததில்தான் வாட்சனின் பங்களிப்பு இருக்கிறது. மாநில அளவிலான முதல் கண்காட்சி 1841-இல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரில் நடந்தது.

கேள்வி: ஒரு குடும்பம் ஒரே ஒரு மாநிலக் கண்காட்சிக்குத்தான் செல்ல முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: கூட்டத்தை விரும்புவோர், ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாளுடன் முடியும் பன்னிரண்டு நாள் மின்னசோட்டா கண்காட்சிக்குச் செல்லலாம், 2019-இல் அங்கு 21 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். பிரம்மாண்டத்தை விரும்புவோர், 55 அடி உயர மாட்டிடையன் உருவமான 'பிக் டெக்ஸ்' வாசலில் நின்று வரவேற்கும் டல்லாஸ் நகரத்து டெக்சஸ் கண்காட்சிக்குச் செல்லலாம். 1952-இல் நிறுவப்பட்ட பழைய உருவம் 2012-இல் தீக்கிரையானதால் இப்போதிருப்பது அதன் வாரிசு. கண்காட்சி என்ற ஏற்பாடு எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்கோ அயோவா மாநிலக் கண்காட்சியே ஏற்றது. 1854-இல் ஃபேர்ஃபீல்டு என்ற சிற்றூரில் தொடங்கி, 1879-இல் தலைநகர் டி மொயினுக்கு இடம்பெயர்ந்து, 1886 முதல் இன்றுள்ள நிலையான வளாகத்தில் ஆகஸ்டு மாதத்தில் பதினொரு நாள் நடைபெறும் அந்தக் கண்காட்சியில், சோளமும் பன்றியும் பசுவும் இன்றும் அலங்காரப் பொருள்களாகிவிடவில்லை; மாநிலத்தின் பிழைப்பே அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. அயோவாவில் சோளம் என்றால் மக்காச்சோளம்தான்.

கேள்வி: அயோவாவில் வெண்ணெயால் பசு செய்து வைக்கிறார்களாமே, உண்ணும் பொருளை இப்படி வீணாக்கலாமா?

பதில்: வீணாவதில்லை என்பதை முதலில் கூறிவிட வேண்டும். மரமும் இரும்பும் கம்பி வலையும் கொண்ட சட்டத்தின்மீது ஏறத்தாழ 600 பவுண்டு, அதாவது 270 கிலோவுக்கும் சற்று மிகுதியான வெண்ணெய் பூசி, நான்கு அல்லது ஐந்து பாகை செல்சியஸ் குளிர் நிலவும் கண்ணாடி அறைக்குள் முழு உருவப் பசு ஒன்று வடிக்கப்படுகிறது. கண்காட்சி முடிந்ததும் அந்த வெண்ணெய் பத்திரப்படுத்தப்பட்டு, ஏறத்தாழ பத்தாண்டுகள் வரை அடுத்தடுத்த பசுக்களாக மறுபிறவி எடுக்கிறது.

ஜே. கே. டேனியல்ஸ் என்ற சிற்பி 1911-இல் முதல் வெண்ணெய்ப் பசுவைச் செய்தபோது அதற்கு ஒரு தொழில் நோக்கமும் இருந்தது: பால் பண்ணையாளர்கள் தங்கள் பொருளின் பெருமையை மக்கள் கண்முன் நிறுத்த விரும்பினர். ஆனால் பசுவுக்குப் புகழ் சேர்த்தவர் 1960 முதல் 2005 வரை அதை வடித்த நோர்மா லையன் என்ற பண்ணைப் பெண்மணி. அவர் கால்நடை மருத்துவம் படிக்க விரும்பிய காலத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. எனவே கால்நடை அறிவியலைப் படித்தார், சிற்பமும் பயின்றார். மாட்டின் உடலமைப்பை அறிந்த கையும் களிமண்ணைப் பழகிய கையும் ஒன்றாயிருந்ததால்தான் அவருடைய பசுக்களுக்கு இடுப்பெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, மடியின் நரம்பும் புடைத்திருந்தது. ஜெர்சி, ஹோல்ஸ்டைன், கெர்ன்சி, அயர்ஷயர் எனப் பாலுக்குப் பெயர்பெற்ற இனங்களை வேறுபடுத்திக் காட்டும் அளவுக்கு நுட்பம் வாய்ந்த அவருடைய கலை, 1997-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியையும் 1999-இல் இயேசுவின் இறுதி இராவுணவையும் வெண்ணெயில் காட்டியது. 2006 முதல் அவருடைய மாணவி சாரா பிராட் அந்தப் பணியைத் தொடர்கிறார். கதவு மூடிய படிப்பொன்று மாநிலத்தின் மிகப் புகழ்பெற்ற பசுவாகத் திரும்பி வந்தது என்பது இந்தக் கண்காட்சியின் வரலாற்றில் மறக்கத் தகாத செய்தி.

கேள்வி: வாசலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ராட்டினத்தை நோக்கி ஓடுகிறார்கள், பெரியவர்கள் உணவை நோக்கி. எங்கிருந்து தொடங்குவது முறை?

பதில்: தொழுவத்திலிருந்து. ராட்டினம் மாலையிலும் சுழலும்; தீர்ப்பு பெரும்பாலும் காலையில் வழங்கப்பட்டுவிடும். கறவை மாடுகளுக்கான போட்டியில் வெள்ளை உடுத்திய சிறுவர்களும் சிறுமியரும், தங்களைவிடப் பன்மடங்கு எடையுள்ள பசுக்களைக் கயிற்றில் பிடித்து, மரத்தூள் பரப்பிய அரங்கில் வட்டமாக நடத்தி வருவார்கள். நடுவர் பேசாமல் நெடுநேரம் பார்ப்பார். பின்னர் ஒவ்வொரு பசுவாக வரிசையில் நிறுத்துவார். அமெரிக்கக் கறவை மாட்டுச் சங்கங்கள் வகுத்த மதிப்பெண் பட்டியலில் நூற்றுக்கு நாற்பது மடிக்கே உரியது. எஞ்சியவை உடற்சட்டம், பின்னங்கால்களும் குளம்பும், பால்தரும் வலிமை ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. மடி உடலோடு உறுதியாக ஒட்டியிருந்தால் பல ஈற்றுகளுக்குப் பசு நலமாகக் கறக்கும்; அது தொங்கினால் காயமும் நோயும் எளிதில் சேரும்; அதனாலேயே அந்த நாற்பது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் ஒரு குடும்பம் தவறவிடக்கூடாத பகுதி. நடுவர் ஒலிவாங்கியை எடுத்து, முதல் பசுவை இரண்டாம் பசுவுக்கு முன்னால் ஏன் வைத்தார், இரண்டாவது எந்த அம்சத்தில் முதலாவதையும் விஞ்சுகிறது, ஆயினும் ஏன் பின்தங்கியது என்பதை அனைவரும் கேட்க விளக்குகிறார். தோற்றவரும் அங்கேயே நின்று அதைக் கேட்கிறார். தீர்ப்பைக் காரணத்தோடும், காரணத்தைப் பொதுவிலும் சொல்லும் இந்த ஒழுங்கு தேர்வு முடிவுகளை எண்ணாக மட்டும் பெற்றுப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் புதிய அனுபவமாக இருக்கும். இதனோடு 'கையாளும் திறன்' என்று தனிப் போட்டியும் உண்டு: அதில் மதிப்பிடப்படுவது விலங்கு அன்று, விலங்கைப் பிடித்திருக்கும் பிள்ளை. மிரளும் கன்றை அதட்டாமல் அமைதிப்படுத்திய பிள்ளை, அழகான கன்றைக் கொண்டுவந்த பிள்ளையை அங்கே வெல்ல முடியும்.

கேள்வி: அந்தப் பிள்ளைகள் அணியும் பச்சை நான்கிலைச் சின்னம் எதைக் குறிக்கிறது? சிலர் நீல மேலங்கியும் அணிகிறார்களே?

பதில்: நான்கிலைச் சின்னம் 'ஃபோர்-எச்' என்ற இளையோர் இயக்கத்துக்கு உரியது, தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். 1902-இல் ஒஹாயோவில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய மன்றத்திலும், அயோவாவில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியை நடத்திய வகுப்புகளிலும் அதன் வேர்கள் உள்ளன. 1914-இல் இயற்றப்பட்ட ஸ்மித்-லீவர் சட்டம், வேளாண் பல்கலைக்கழகங்களின் அறிவை உழவர் வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணியை நாடெங்கும் அமைத்தபோது, இம்மன்றங்கள் அதன் இளைய கிளையாயின; பெரியவர்கள் புதிய விதையை நம்ப மறுத்த ஊர்களில் பிள்ளைகள் சிறு பாத்தியில் அதை விளைவித்துக் காட்டினர். நீல நிறக் கோடிட்ட தடித்த துணி மேலங்கி, 1928-இல் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. என்ற மாணவர் அமைப்பினருடையது.

கேள்வி: பல பிள்ளைகளின் கையில் ஒரே சமயத்தில் நீல நாடா காணப்படுகிறது. எல்லாருக்கும் முதற்பரிசா?

பதில்: அமெரிக்காவில் முதலிடத்துக்கு நீலமும் இரண்டாமிடத்துக்குச் சிவப்பும் மூன்றாமிடத்துக்கு வெள்ளையும் வழங்குவது பொது வழக்கம். ஆனால் இளையோர் பிரிவுகள் பலவற்றில் 'டேனிஷ் முறை' பின்பற்றப்படுகிறது. அதில் ஒரு படைப்பு இன்னொரு படைப்போடு ஒப்பிடப்படாமல், முன்கூட்டியே அறிவித்த தரத்தோடு ஒப்பிடப்படுவதால், தரத்தை எட்டிய அனைவரும் நீல நாடா பெறுவர். முதல் முறை யார் சிறந்தவர் என்பதைச் சொல்கிறது, இரண்டாம் முறை வேலை நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது கேள்வியே முதலில் தேவை.

கேள்வி: ஓராண்டு முழுவதும் பெயர் சூட்டி வளர்த்த காளையைக் கடைசியில் இறைச்சிக்கு விற்கச் செய்வது பிள்ளைகளுக்குக் கொடுமை அல்லவா?

பதில்: துயரம் உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. வெற்றிபெற்ற இறைச்சிக் கால்நடைகள் ஏலம் விடப்படுகின்றன. சில போட்டிகளின் விதிப்படி விலங்கு அங்கிருந்து நேரே இறைச்சிக் கூடத்துக்கே செல்ல வேண்டும். ஏல நாளன்று தொழுவத்தில் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளையைக் காண்பது அரிதன்று. அந்தப் பிள்ளை தீவனச் செலவையும் எடை ஏற்றத்தையும் கணக்கேட்டில் எழுதி வந்தது. முடிவு என்ன என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்தும் இருந்தது. இறைச்சி உண்ணும் சமூகம் ஒன்றில் அந்த உணவின் முழு விலையை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் பன்னிரண்டு வயதினரும் இருக்கின்றனர் என்பது மதிப்புக்குரியது. அதே வேளையில், பிரிவைத் தாங்க இயலாத பிள்ளைக்குக் கறவைக் கன்றோ முயலோ தோட்டமோ தருவதே பெற்றோரின் கடமை. கண்காட்சியில் அவற்றுக்கும் பிரிவுகள் உள்ளன.

கேள்வி: குச்சியில் குத்தாத உணவே அங்குக் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும், ஆனால் குச்சியே ஆட்சி செய்கிறது. நடந்துகொண்டே உண்ண வேண்டியிருப்பதாலும், ஒரு கை பிள்ளையைப் பிடித்திருப்பதாலும், தட்டும் கரண்டியும் இல்லாத உணவுக்கு அங்கே இயல்பாகவே முதன்மை கிடைத்தது. தொத்திறைச்சியை மக்காச்சோள மாவில் தோய்த்துப் பொரித்துக் குச்சியில் தரும் 'கார்ன் டாக்' 1940-களில் டெக்சஸ் கண்காட்சியில் புகழ்பெற்றது. அதை ஒத்த 'ப்ரோன்டோ பப்' 1947-இல் மின்னசோட்டாவுக்கு வந்தது. அயோவாவில் பன்றி இறைச்சித் துண்டு அதன் எலும்பையே பிடியாகக் கொண்டு வருகிறது. அங்கு வேளாண் கட்டடத்தில் வேகவைத்த முட்டை குச்சியில் குத்தி இலவசமாகத் தரப்படுகிறது. 2009-இல் டெக்சஸ் வெண்ணெயையே மாவில் பொதிந்து பொரித்துவிட்டது. வெண்ணெயைப் பசுவாக்கும் அயோவாவே இவ்விரண்டில் உயர்ந்த நாகரிகம் என்பதில் ஐயமில்லை.

சைவக் குடும்பத்தினர் சுட்ட மக்காச்சோளக் கதிரையும் எலுமிச்சைச் சாற்றையும் பழங்களையும் நம்பலாம். பொரித்த பாலாடைக்கட்டித் துணுக்குகளைப் பொறுத்தவரை, பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி பயன்பட்டதா என்று கேட்டறிவது நன்று.

குச்சிக்கு அரசியல் வரலாறும் உண்டு. மென்மையாகப் பேசிக் கையில் பெரிய தடியை வைத்திருக்க வேண்டும் என்ற அயலுறவுக் கொள்கையைத் துணைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1901 செப்டம்பர் 2 அன்று விளக்கிய இடம் மின்னசோட்டா மாநிலக் கண்காட்சி. நான்கே நாள்களில், பஃபலோ நகரில் நடந்த வேறொரு பெரும் கண்காட்சியில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டார். அவர் மறைந்ததும் தடிக்குரியவர் தலைவரானார்.

கேள்வி: அரசியல் தலைவர்களுக்குப் பன்றித் தொழுவத்தில் என்ன வேலை?

பதில்: வாக்கு. குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வின் முதற்கட்டம் 1972 முதல் பல பத்தாண்டுகள் அயோவாவில் நடந்ததால், கண்காட்சிக்கு வராத வேட்பாளர் அரிதானார். உள்ளூர் நாளிதழான 'டி மொயின் ரெஜிஸ்டர்' அமைக்கும் திறந்த மேடையில், வைக்கோல் கட்டுகளின் அருகே நின்று இருபது நிமிடம் பேசி, எதிரே நிற்பவர்களின் குறுக்குக் கேள்விகளையும் அவர் சந்திக்க வேண்டியிருந்தது. பசுவுக்குக் கிடைத்த அதே பரிசோதனை வேட்பாளருக்கும் கிடைத்தது என்பதால், மேடை சரியான இடத்திலேயே அமைந்தது எனலாம்.

கேள்வி: ஊறுகாய்க்குப் பரிசு தருவது எவ்வகை வேளாண்மை?

பதில்: விளைந்ததைக் கெடாமல் காப்பதும் வேளாண்மையே. பனிக்காலம் நீண்ட நிலப்பகுதியில் கோடையின் வெள்ளரியும் தக்காளியும் கண்ணாடிப் புட்டிக்குள் அடைபட்டால்தான் பிப்ரவரியில் குடும்பம் காய்கறி உண்ண முடிந்தது. நடுவர்கள் புட்டியைத் திறக்கும் முன்பே நீரின் தெளிவு, துண்டுகளின் சமச்சீர், மூடிக்குக் கீழே விடப்பட்ட இடைவெளி, காற்றுப்புகா அடைப்பு ஆகியவற்றைக் காண்கின்றனர். எவ்வளவு நேரம், எம்முறையில் சூடேற்றப்பட்டது என்பதை ஒட்டுச்சீட்டில் எழுத வேண்டும். புளிப்புக் குறைந்த காய்கறிகளைப் பல போட்டிகளில் சுவைப்பதே இல்லை, ஏனெனில் முறையாகச் சூடேற்றாத புட்டியில் பாட்டுலிசம் என்னும் உயிரைப் பறிக்கும் நோயைத் தரும் நச்சு உருவாகக் கூடும். சமையலறை அறிவியல் கூடமாக மதிக்கப்படுவதை ஒரு குடும்பம் நேரில் காண வேண்டுமெனில் இந்த அரங்கே போதும்.

கேள்வி: ரயில்களை வேண்டுமென்றே மோதவிட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஜோ கானலி என்பவர் 1896-இல் அயோவா கண்காட்சியில் இரண்டு பழைய நீராவி எஞ்சின்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1932-இல், தேர்தல் ஆண்டில், அங்கு மோதிய எஞ்சின்களுக்கு ஹூவர், ரூஸ்வெல்ட் என்று பெயரிடப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்கு இன்று பம்பர் கார் போதும்.

கேள்வி: மனைவிமார் கணவரைக் கூவி அழைக்கும் போட்டியும் உண்டாமே?

பதில்: உண்டு, பன்றிகளைக் கூவி அழைக்கும் போட்டியும் உண்டு. வேலை முடியாத கணவரையும் மேய்ச்சல் முடியாத பன்றிகளையும் பல ஏக்கருக்கு அப்பாலிருந்து குரலாலேயே வரவழைத்த காலத்தின் திறன்கள் அவை. போட்டிகள் தனித்தனியே நடைபெறுகின்றன.

கேள்வி: எல்லாக் குடும்பங்களும் எல்லாக் காலத்திலும் வரவேற்கப்பட்டனவா?

பதில்: இல்லை. டெக்சஸ் கண்காட்சியில் கறுப்பின மக்களுக்கு நெடுங்காலம் தனி நாள் ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. மற்ற நாள்களில் அவர்கள் நுழைந்தாலும் பல ராட்டினங்களும் உணவகங்களும் அவர்களுக்கு மூடியே இருந்தன. 1955-இல் குடிமை உரிமைச் செயற்பாட்டாளர் ஜுவானிடா கிராஃப்ட் வழிகாட்ட, கறுப்பின இளைஞர்கள் அந்தத் தனி நாளைப் புறக்கணிக்கக் கோரி வாசலில் பதாகைகளுடன் நின்றனர். முழுமையான சமத்துவம் 1960-களில்தான் வந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிய பிள்ளை ராட்டினத்தில் ஏற முடியாத அந்த நாள்களை மறந்துவிட்டு, மாநிலம் முழுவதற்குமான விழா என்று பேசுவது நேர்மையாகாது.

கேள்வி: பிள்ளைகளின் உடல்நலத்துக்கு எதில் கவனம் வேண்டும்?

பதில்: கை கழுவுவதில். விலங்கைத் தொட்ட கை வாய்க்குப் போகும் முன் சோப்பையும் நீரையும் சந்திக்க வேண்டும். ஈ-கோலை போன்ற நுண்ணுயிர்கள் நலமான மாட்டிடமிருந்தும் பரவும். 2012-இல் அமெரிக்காவில் பன்றிகளிலிருந்து மனிதருக்குத் தொற்றிய ஒருவகைக் காய்ச்சல் முந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. பெரும்பாலோர் வேளாண் கண்காட்சிகளுக்குச் சென்றுவந்த பிள்ளைகள். எனவே பன்றித் தொழுவத்துக்குள் உணவையும் தள்ளுவண்டியையும் கொண்டுசெல்லக் கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டோரும் கருவுற்றோரும் முதியோரும் அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

கேள்வி: இத்தகைய ஒரு விழா எப்போதேனும் நின்றதுண்டா?

பதில்: அயோவாவில் 1898-இலும், வளாகத்தை இராணுவம் பயன்படுத்திய 1942 முதல் 1945 வரையிலான போர் ஆண்டுகளிலும் கண்காட்சி நடைபெறவில்லை. பறவைக் காய்ச்சல் பரவிய 2015-இல் கண்காட்சி நடந்தது, ஆனால் கோழிகளும் வாத்துகளும் வரவில்லை. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் மீண்டும் நின்றது: ராட்டினம் இல்லை, மேடை இல்லை, குச்சியில் எதுவும் இல்லை. ஆயினும் ஃபோர்-எச், எஃப்.எஃப்.ஏ. பிள்ளைகளின் கால்நடைப் போட்டிகள் மட்டும் பொதுமக்களை அனுமதிக்காமல் நடத்தப்பட்டன. நடுவர்கள் வந்து கால்நடைகளை வரிசைப்படுத்திக் காரணங்களைக் கூறிச் சென்றனர்.